சாவித்திரிபாய் டீச்சர்

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 3-ஆம் தேதி வாட்சாப் குழுக்களில் ஒரு படம் சுற்றி வரும். தலையில் முக்காடு, நெற்றியில் பெரிய பொட்டு, கீழே இரண்டு வரி வாழ்த்து. சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். கூடவே அந்தச் சேலைக் கதையும் வரும். அவர் பள்ளிக்கு நடந்து போகும்போது தெருவில் நின்றவர்கள் சேற்றையும் சாணத்தையும் மேலே எறிவார்களாம். அவர் பையில் இன்னொரு சேலை எடுத்துப்போய், பள்ளியில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவாராம்.

நல்ல கதைதான். ஆனா நாம பெரும்பாலும் அங்கேயே நின்னுடறோம். சேலையை மாற்றின பிறகு அந்த அறைக்குள் என்ன நடந்தது? அந்த வகுப்புகளுக்கு யார் காசு கொடுத்தாங்க? கொடுத்தவங்க நிறுத்தின பிறகு என்ன ஆச்சு? கோயில் மண்டபத்திலும் தாமான் மண்டபத்திலும் வார இறுதியில் இலவச வகுப்பு நடத்துகிற நம்ம பிள்ளைகளுக்கு, சேலைக் கதையைவிட இந்தக் கேள்விகள்தான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

சாவித்திரிபாய் 1831-இல் மகாராஷ்டிராவின் நய்காவ் என்ற கிராமத்தில் பிறந்தார். மாலி சாதி, தோட்டம் போட்டு, பூவும் காய்கறியும் விளைவித்துப் பிழைத்தவர்கள். 1840-இல் கல்யாணம். பெண்ணுக்கு 9 வயது, மாப்பிள்ளை ஜோதிராவ் புலேவுக்கு 13. புகுந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர்தான் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். ஜோதிராவைத் தாய் போல வளர்த்த சகுணாபாயும் கூடவே உட்கார்ந்து படித்தார்.

வீட்டுப் படிப்போடு அவர் வகுப்பறைக்குள் போய்விடவில்லை. அகமத்நகரில் சிந்தியா ஃபாரர் என்ற அமெரிக்க மிஷனரி அம்மையார் நடத்திய இடத்திலும், பிறகு புனேவிலும் ஆசிரியர் பயிற்சி எடுத்தார். இதை நாம கவனிக்கணும். நல்ல மனசு இருக்கு, கொஞ்சம் நேரம் இருக்கு, அது போதும், போய்ச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறோம். அந்தக் காலத்தில், ஒரு பெண், அதுவும் எழுத்தே தெரியாமல் வந்தவர், சொல்லிக் கொடுப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

1848-இல் புனேவில் பிடே என்பவரின் வீட்டில், பிடே வாடா என்பார்கள், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கியது. அப்போது ஜோதிராவுக்கு 21 வயது, சாவித்திரிபாய்க்கு 17. வந்த பிள்ளைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஊரில் எழுந்த எதிர்ப்பு வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளியை விடு, இல்லையென்றால் வீட்டை விடு என்று ஜோதிராவின் அப்பா சொல்ல, 1849-இல் இரண்டு பேரும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக் என்ற நண்பர். அந்த வீட்டுப் பெண் பாத்திமா, சாவித்திரிபாயோடு சேர்ந்து பள்ளி வேலைகளைப் பார்த்துக்கொண்டார்.

1851-இலும் 1852-இலும் வேலை சூடு பிடித்தது. சிப்ளூண்கர் வாடாவில் ஒன்று, ராஸ்தா பேட்டில் ஒன்று, வேத்தாள் பேட்டில் ஒன்று என மூன்று பெண்கள் பள்ளிகள். ஏறத்தாழ 150 பெண்கள் படித்தார்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர், மாங் சமூகப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

இத்தனை பிள்ளைகள் எப்படி வந்தாங்க? இலவசம் என்று சொன்னதும் கூட்டம் சேர்ந்துடுமா? சேராது. வகுப்பு நடத்தினவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஏழை வீட்டில் பத்து வயசுப் பிள்ளை என்றால் இரண்டு கை. தம்பியைத் தூக்கி வச்சிருக்கும், விறகு பொறுக்கும், கூலிக்குப் போகும். அந்தக் கைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் அன்றைக்கு ஏதோ ஒன்று குறையும். புலே தம்பதிக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். சாவித்திரிபாய் தன் வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. இருந்த காசு பிள்ளைகளைத் தக்கவைக்கவும் பள்ளி நடத்தவும் போனது.

ஊரும் அரசாங்கமும் இதை எப்படி எடை போட்டது என்பது தனிக் கதை. 1852 மே மாதம் பூனா அப்சர்வர் என்ற ஆங்கிலப் பத்திரிகை, ஜோதிராவின் பள்ளிகளில் படிக்கும் பெண்கள் அரசாங்கப் பள்ளிகளில் படிக்கும் பையன்களைவிடப் பத்து மடங்கு என்று எழுதியது. காரணமும் சொன்னது: பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை மேலானதாக இருக்கிறது, இப்படியே போனால் இந்தப் பெண்கள் பையன்களை முந்திவிடுவார்கள் என்ற கவலை வேறு. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விஷ்ராம்பாக் வாடாவில் மேஜர் கேண்டி என்ற கல்வி அதிகாரி, ஜோதிராவுக்குச் சால்வை போர்த்திப் பாராட்டினார். 1853 பிப்ரவரியில் மாணவிகளுக்குப் பொதுவில் ஒரு பரீட்சை. பெண் பிள்ளைகள் படித்துக் காட்டுவதைப் பார்க்க 3,000 பேருக்கு மேல் திரண்டு வந்தார்கள். உள்ளே இடம் இல்லாமல் வெளியே நின்றவர்களும் உண்டு.

அன்றைக்குப் படம் எடுக்கும் வசதி இருந்திருந்தால் எத்தனை படம் போட்டிருப்பார்கள்! நாமும் இப்படித்தானே செய்கிறோம். வகுப்பின் ஆண்டு விழா, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பிரமுகர் தலைமை, எத்தனை சான்றிதழ். அறிக்கையில் அதுதான் முதல் பக்கம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 3,000 பேரும் வீட்டுக்குப் போன பிறகு நடந்ததைப் பார்த்தால்தான் இந்தப் பள்ளிகள் உண்மையில் என்ன செய்தன என்பது தெரியும்.

முக்தா என்று ஒரு பெண். முக்தாபாய் என்றும் சொல்வார்கள். மாங் சமூகம். புலேக்களின் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தவர். 14 வயதில் ஒரு கட்டுரை எழுதினார். மகர், மாங் மக்களின் துயரம் பற்றிய அந்தக் கட்டுரை 1855-இல் ஞானோதயா என்ற மராத்திப் பத்திரிகையில் அச்சானது.

அதில் என்ன எழுதினார் தெரியுமா? கட்டடம் கட்டும்போது தன் மக்களை உயிரோடு அஸ்திவாரத்தில் புதைத்த கதையை எழுதினார். பேஷ்வா பாஜிராவ் காலத்தில் தன் சாதிக்காரர் ஒருவர் படிக்கக் கற்றுக்கொண்டது தெரிந்தால் என்ன தண்டனை கிடைக்கும் என்பதை எழுதினார். பிரசவ வலி வரும்போது தன் இனத்துப் பெண்களுக்குத் தலைக்கு மேல் கூரைகூட இல்லாததை எழுதினார். வேதம் எங்களுக்கு மட்டும்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்களே, அப்படியானால் எங்களுக்கு எந்த வேதமும் இல்லை, எங்கள் மதம் எது என்று ஆண்டவனே சொல்லட்டும் என்று கேட்டார். கடைசியில் தன் மக்களைப் பார்த்து, இந்த நோய்க்குப் படிப்புதான் மருந்து என்று எழுதினார்.

14 வயசு. மூணு வருஷப் படிப்பு.

இந்து இளைஞர் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதணுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதத்தான் வேணும். நம் சமயத்தின் பெயரில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண் பிள்ளை கேட்ட கேள்வி அது. அதைக் கேட்க முடியாத காது நமக்கு எதற்கு?

இப்போது யோசியுங்கள். அந்தப் பரீட்சைக்கு வந்த அதிகாரிகள் முக்தாவிடம் எழுத்துக்கூட்டலையும் கணக்கையும் சோதித்திருக்கலாம். ஆனால் தன் வீட்டில் நடப்பதைத் தன் சொந்தச் சொல்லில் எழுத வருமா என்று கேட்க எந்தத் தேர்வுத் தாளிலும் இடம் இல்லை. சாவித்திரிபாயின் வகுப்பு அந்தத் திறமையைத்தான் கொடுத்திருந்தது. இதை எண்ணிக்கையில் காட்ட முடியாது. ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்ட முடியும்.

சாவித்திரிபாயே எழுதுகிறவர். 1854-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு அச்சில் வந்தது. கணவருக்கு எழுதிய கடிதங்கள் சிலவும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1856 அக்டோபரில் எழுதிய கடிதம் ஒன்று. உடம்பு சரியில்லாமல் நய்காவில் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறார். தான் இல்லாத நேரத்தில் பாத்திமாவுக்கு எவ்வளவு சிரமமாக இருக்கும் என்று கவலைப்படுகிறார். அவர் முணுமுணுக்க மாட்டார் என்றும் எழுதுகிறார். அதே கடிதத்தில் உடன்பிறந்த சகோதரரோடு நடந்த வாக்குவாதமும் வருகிறது. மகர், மாங் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நம்ம குலத்துக்கே கெட்ட பெயர் என்று சகோதரர் பேச, இவர் நோய்ப் படுக்கையில் இருந்துகொண்டே பதில் சொல்லி வாயடைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சண்டையைவிடப் பாத்திமாவைப் பற்றிய அந்த வரிதான் மனதில் நிற்கிறது. ஓர் ஆசிரியர் படுத்துவிட்டால் மற்ற ஆசிரியர் தோளில் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்குப் பார்க்கிற தலைமை ஆசிரியை அவர். தொண்டர்களை வைத்து நடத்தும் வகுப்புகள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஒருவர் களைத்துப்போவார், சொல்ல மாட்டார், ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்.

அடுத்த ஆண்டு 1857. வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தார்கள். பெரிய சண்டைகள் நடந்த இடங்கள் புனேவுக்கு வெகு தூரம். ஆனாலும் அடி இங்கேயும் விழுந்தது. பள்ளிகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களில் பலர் ஐரோப்பியர்கள். கலகத்துக்குப் பிறகு அவர்களின் கை சுருங்கியது. அரசாங்க உதவியும் நின்றது. போதாததற்கு, என்ன பாடம் சொல்லிக் கொடுப்பது என்பதில் நிர்வாகக் குழுவுக்கும் ஜோதிராவுக்கும் கருத்து வேறுபாடு வந்து, அவர் குழுவிலிருந்து விலகினார். 1858 வாக்கில் பெண்கள் பள்ளிகள் இந்தத் தம்பதியின் கையை விட்டுப் போய்விட்டன.

பத்து வருஷம். அவ்வளவுதான். சால்வை, 3,000 பேர், பத்திரிகைப் பாராட்டு எல்லாம் கிடைத்த பள்ளிக்கு இந்த நிலை.

இங்கே கொஞ்சம் நிற்போம். மூன்று காரணங்களில் முதல் இரண்டும் அவர்கள் கையில் இல்லை. டெல்லியிலும் கான்பூரிலும் நடந்த சண்டைக்குப் புனேவில் எழுத்துப் பழகும் சிறுமி என்ன செய்வாள்? ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பள்ளிக்கான காசு அந்தப் பள்ளியால் பயன்பெறும் மக்களிடமிருந்து வரவில்லை. வேறு ஓர் உலகத்திலிருந்து வந்தது. அந்த உலகத்தின் மனநிலை மாறியதும் காசும் மாறிவிட்டது. மகர், மாங் மக்களிடம் கொடுக்க அன்றைக்கு எதுவும் இல்லை என்பதும் உண்மை. அதனால் இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மிடம் அப்படி இல்லை. மாதம் ஐந்து ரிங்கிட் கொடுக்கக்கூடிய பெற்றோர் இருக்கும் இடத்திலும் நாம் ஒரே ஒரு பெரிய கையை நம்பி வகுப்பு நடத்துகிறோம். அந்தக் கை ஓர் ஆண்டு கொடுக்காவிட்டால், அடுத்த ஆண்டு பதாகை மட்டும் மிச்சம்.

பள்ளி போனது என்பதால் சாவித்திரிபாய் நின்றுவிடவில்லை. 1855-லேயே தம்பதி இருவரும் வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இரவு வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பகலெல்லாம் வயலிலும் கூலி வேலையிலும் இருப்பவர்களைப் பகல் பள்ளிக்கு வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவது? அதனால் அவர்களின் நேரத்துக்கு வகுப்பு போனது. 1863-இல் விதவைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். கணவனை இழந்து, ஏமாற்றப்பட்டு, கர்ப்பமாகி, பிறந்த குழந்தையைக் கொல்வதைத் தவிர வேறு வழி தெரியாமல் நின்ற பெண்கள் அங்கே வந்து ரகசியமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். அப்படி வந்த ஒரு பிராமண விதவையின் மகனைத்தான் புலே தம்பதி பிற்பாடு தத்தெடுத்தார்கள். பெயர் யஷ்வந்த். 1873-இல் ஜோதிராவ் சத்தியசோதக் சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கியபோது சாவித்திரிபாய் அதிலும் முன்னால் நின்றார்.

1876-இலும் 1877-இலும் கொடும் பஞ்சம். 1877 ஏப்ரலில் ஜுன்னர் பக்கம் ஓத்தூர் என்ற ஊரிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நிலம் வெடித்துக் கிடப்பது, மாடுகள் சாவது, ஊரை விட்டு ஜனங்கள் கிளம்புவது, வட்டிக்காரர்கள் பஞ்சத்திலும் பிடுங்குவது, நிவாரணத்துக்கு வந்த தொண்டர்களையே அதிகாரிகள் பிடித்து வைத்தது, அவர் நேரில் போய்ப் பேசி விடுவித்தது எல்லாம் அதில் வருகிறது. பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் வேலையில் அவர் ஊர் ஊராக அலைந்தார். அப்போது அவருக்கு 46 வயது.

1882-இல் ஆங்கில அரசாங்கம் இந்தியாவில் கல்வி எப்படி இருக்கிறது என்று ஆராய ஹன்டர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஜோதிராவ் அதன் முன் எழுத்துமூலமாகச் சாட்சியம் கொடுத்தார். அதில் தங்கள் பழைய பள்ளிகள் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது, நேர்மையானது. பெண்கள் பள்ளிகள் கல்வித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு இன்னமும் நடக்கின்றன. மகர், மாங் பிள்ளைகளின் பள்ளியும் இருக்கிறது, ஆனால் திருப்தியான நிலையில் இல்லை. அவ்வளவுதான். தான் வளர்த்த பிள்ளை சுகமில்லாமல் இருக்கிறது என்று ஓர் அப்பா அரசாங்கத்துக்குச் சொல்வது மாதிரி. பெருமையடிக்க நல்ல மேடை கிடைத்தும் அதை அவர் செய்யவில்லை.

அதே சாட்சியத்தில் இன்னொன்றும் சொன்னார். தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறை அப்போது இருந்தது. எத்தனை பிள்ளை தேறியதோ அத்தனைக்குக் காசு. இது கீழே தள்ளப்பட்ட மக்களின் பள்ளிகளுக்கு ஒத்துவராது என்றார் அவர். படிப்பின் ருசியே இன்னும் தெரியாத வீடுகளில், முடிவைக் காட்டினால்தான் சம்பளம் என்றால் எந்த ஆசிரியர் அங்கே போவார்? எளிதாகத் தேறும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத்தான் போவார். உழைக்கும் மக்கள் கட்டும் வரிப் பணம் மேல்தட்டுப் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் போகிறது, ஆரம்பக் கல்வியை 12 வயது வரை கட்டாயமாக்குங்கள் என்றும் கேட்டார். சாட்சியம் ஜோதிராவின் பெயரில் இருக்கிறது. ஆனால் மாங் வாடாவிலிருந்து வரும் பிள்ளையைப் பலகை முன்னால் உட்கார வைத்த அனுபவம் யாருடையது என்று நமக்குத் தெரியும்.

1890 நவம்பர் 28-இல் ஜோதிராவ் காலமானார். இறுதிச் சடங்கில் கொள்ளிச் சட்டியை யார் எடுப்பது என்று உறவினர்கள் தத்துப் பிள்ளையை ஏற்காமல் தகராறு செய்தபோது, சாவித்திரிபாயே அதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். 1893-இல் சாஸ்வாத் என்ற ஊரில் கூடிய சத்தியசோதக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

யஷ்வந்த் படித்து டாக்டர் ஆனார். 1897-இல் புனேவில் பிளேக் பரவியபோது, ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் அம்மாவும் மகனும் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடம் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு சோதனை போட்டு நோயாளிகளைப் பிடித்துப் போகிறார்கள் என்ற பயத்தில் மக்கள் நோயை மறைத்த காலம். 66 வயது சாவித்திரிபாய் தானே போய் நோயாளிகளைக் கூட்டி வந்தார். முண்ட்வா கிராமத்தின் மகர் குடியிருப்பில் ஒரு பையனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு, அவனை முதுகில் சுமந்துகொண்டு வந்து சேர்த்தார். பையன் பிழைத்தான். அவருக்கு நோய் தொற்றிக்கொண்டது. மார்ச் 10-ஆம் தேதி இரவு இறந்துபோனார்.